புதிய வரவுகள் அலமாரி

பூட்டி வைக்கவேண்டிய புத்தகங்களை எல்லாம் நூலகத்தின் வாசலுக்கு நேரெதிரே, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும் அலமாரியில் அழகாக அடுக்கி வைத்தவர் முத்திரைதான். அதில் வேறு யாருக்கும் பங்கில்லை. பங்கு கேட்டும் யாரும் வரவில்லை.

முத்திரை என்பது அவர் பெயரல்ல. கவுண்டரில் உட்கார்ந்து தேதி குத்திக் குத்தியே கிடைத்த பட்டம். தலை நரைத்த பிறகு பிள்ளைகள் அதோடு ‘மாமா’வைச் சேர்த்துக்கொண்டார்கள், பதவி உயர்வு என்று அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. உடம்பு, போதை, மணமுறிவு, தற்கொலை என்று சில விஷயங்களைப் பேசும் புத்தகங்கள் இனிப் பொது நூலகங்களில் திறந்த அலமாரியில் இருக்கக்கூடாது. இரும்பு பீரோவில் பூட்டவேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர் கையில் அவை கிடைக்கவே கூடாது. வயது வந்தவர்கள் கவுண்டருக்கு வந்து, இன்ன புத்தகம், இன்ன காரணத்துக்காக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் எடுத்துக் கொடுக்கலாம். மீறினால் பொறுப்பு நூலகருடையது; வேலையும் போகும், வழக்கும் வரும். புதன்கிழமை ஆய்வுக்கு ஆள் வருகிறது.

நூலகர் ஒரு வாரம் அலமாரி அலமாரியாக நடந்து அந்தப் புத்தகங்களைப் பொறுக்கித் தள்ளுவண்டியில் ஏற்றினார். பீரோ வந்துவிட்டது, பூட்டு வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, “சார், இதை ஒரு ஓரமா வச்சிருங்க. நாளைக்கு மீட்டிங் முடிச்சிட்டு வரும்போது நானே பூட்டு வாங்கிட்டு வந்துடறேன்” என்று முத்திரையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

முத்திரைக்கோ தள்ளுவண்டி வேண்டியிருந்தது. திரும்பி வந்த புத்தகங்களை வேறு எதில் ஏற்றுவது? சுற்றுமுற்றும் பார்த்தார். காலியாக இருந்தது ஒரே ஓர் அலமாரி. அதன் தலையில் ‘புதிய வரவுகள்’ என்று பலகை தொங்கியது. புதுப் புத்தகம் வாங்குவது நின்று பல காலம் ஆகிவிட்டதால் பலகையும் சுவரோடு சுவராகிப் போயிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. கட்டின பெண்டாட்டி புதுப் புடவை கட்டியிருப்பதை எந்த லட்சணத்தில் பார்ப்பாரோ, அந்த லட்சணத்தில் பார்த்தார்.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்ததும் கூட்டம் அந்த அலமாரியை மொய்த்துவிட்டது. “அட, புதுசு வந்திருக்கு!” என்று ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழ, மற்றவர் போன் பண்ணி மைத்துனரை வரச்சொல்ல, மதியத்துக்குள் அலமாரி துடைத்துவிட்டது போல் ஆனது. அந்தப் புத்தகங்கள் எல்லாம் உள்ளே மூலையில் இருந்த காலத்தில் வருடத்துக்கு ஒருவர் தொட்டால் அதிகம். அத்தனைக்கும் தேதி குத்தியவர் முத்திரை. ஒன்றைக்கூட அவர் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். கவனிக்கவில்லை, அது அவருடைய தொழில் தர்மம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழகிய பழக்கம்: நீட்டிய புத்தகத்தை வாங்கியதும் குப்புறப் போடவேண்டும். பின்னட்டையில் இருக்கும் கோடுகளைக் கருவிக்குக் காட்டவேண்டும் (இது மட்டும் பின்னால் வந்தது), கடைசிப் பக்கத்தைத் திறந்து தேதி குத்தவேண்டும், குப்புற இருந்தபடியே திருப்பித் தரவேண்டும். அவரவர் என்ன படிக்கிறார்கள் என்பது அவரவர் பாடு. அன்றைக்கு அவருக்குக் கை வலித்தது, மனம் குளிர்ந்தது. ஊருக்குப் படிப்பு ருசி திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மாலையில் நூலகர் பூட்டும் கையுமாக வந்து நின்றார்.

“சார், புக்கெல்லாம் எங்க?”

“எது மேடம்?”

“தள்ளுவண்டியில இருந்தது.”

முத்திரை அலமாரியைப் பார்த்தார். முதன்முறையாகப் பலகையையும் பார்த்தார்.

“நல்லாப் போயிடுச்சு மேடம்” என்றார். வாயில் வந்தது அதுதான்.

நூலகர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து பூட்டை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு முத்திரையின் வயதில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும். படித்து, பரீட்சை எழுதி, காத்திருந்து வாங்கிய வேலை.

“பீரோ இருக்கு, பூட்டு இருக்கு, சட்டம் இருக்கு. புக்கு மட்டும் இல்ல” என்றார். “ஒரு புக்கு ஒரு சின்னப் பிள்ளை கையில இருந்தாப் போதும் சார். என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“நான் வாங்கிட்டு வந்துடறேன் மேடம். வீடு வீடாப் போறேன்.”

“புதன்கிழமைக்குள்ள?”

“செவ்வாய்க்கிழமைக்குள்ள.” பிறகு, போகிற போக்கில் கேட்பது போல், “ஏன் மேடம், இந்தச் சட்டம் சரின்னு நீங்க நினைக்கிறீங்களா?” என்றார்.

“எனக்கு மாசச் சம்பளம் சார்” என்றார் நூலகர்.

இது பதிலா என்று முத்திரை யோசித்தார். அவருக்கு இது பழக்கம்தான். அவரிடம் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. அவரும் எதையும் நேராகக் கேட்டவர் இல்லை. ஒரு விஷயம் கனமாக இருந்தால் அதற்குக் கோமாளி வேஷம் கட்டித்தான் வெளியே கூட்டி வருவார். எதிரில் இருப்பவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்த ஒரு வருடமாக அவர் மனதில் கிடந்த கேள்வி ஒன்று அப்படித்தான் கிடந்தது. தங்கை புருஷன், பள்ளிக்கூடம் போகிற ஒரே பெண்ணை விட்டுவிட்டு, போன வருடம் இறந்துபோனார். முத்திரை அப்போது வெளியூரில், நூலகப் பயிற்சி என்ற பெயரில் தூங்கி விழுந்துகொண்டிருந்தார். வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்ன ஆச்சு என்று அம்மாவைக் கேட்டார். “ஹார்ட்டுப்பா” என்றாள். மனைவியைக் கேட்டார். “பிரஷராம்” என்றாள். தங்கையையே கேட்டார். “தூக்கத்துலயே போயிட்டார்ண்ணா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரே மனிதர் மூன்று வீட்டில் மூன்று விதமாக இறந்திருந்தார். மூன்றும் பொய் என்று தெரியாத அளவுக்கு முத்திரை முட்டாளில்லை. ஆனால் தெரிந்துகொண்டே தெரியாதவராக இருப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. தவிர, வீட்டில் அவருக்கு ஓட்டைவாய் என்று நல்ல பேர். “உன்கிட்ட சொல்றதுக்கு மைக் வாடகைக்கு எடுத்துடலாம்” என்பாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை, நூலகர் எழுதித் தந்த முகவரிப் பட்டியலோடு, ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பலர் வாசலிலேயே கொடுத்துவிட்டார்கள். பழைய தலைமை ஆசிரியர் வீட்டில் மட்டும் ஒரு சிறு வழக்கு நடந்தது. வயதான தம்பதிகளின் உடம்புச் சுகம் பற்றிய புத்தகம் அது. “இவதான் எடுத்துட்டு வரச்சொன்னா” என்றார் அவர். “நானா? எனக்குக் கண்ணே தெரியாது” என்றாள் அம்மாள், கண்ணாடி போடாமலே புத்தகத்தில் அடையாளம் வைத்திருந்த பக்கத்தைச் சரியாகத் திறந்து, அடையாளத்தை உருவிக்கொண்டு.

முடிவெட்டுகிறவர் கடையில் குடியை விடுவது பற்றிய புத்தகம் இருந்தது. கத்தரிக்கோலோடு வந்து அதை நீட்டினார்.

“என் ஃப்ரெண்டுக்கு எடுத்தேன்.”

“ஆமா ஆமா, ஃப்ரெண்டுக்குத்தான்.”

“பாதிதான் படிச்சிருக்கான். திரும்ப எடுக்கலாமா?”

“தாராளமா. எதுக்கு வேணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா மேடம் எடுத்துத் தருவாங்க.”

“எங்க வச்சு எழுதணும்?”

“கவுண்டர்லதான். எல்லாரும் வந்துபோற இடத்துல.”

முடிவெட்டுகிறவர் சிரித்தார். “யோவ் முத்திரை, சாராயக் கடையில இந்த மாதிரி, எதுக்குக் குடிக்கிறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் பாட்டில்னு ஒரு சட்டம் போடச் சொல்லு. ஊர்ல ஒருத்தன் குடிக்கமாட்டான். அங்க கேக்கமாட்டானுங்க. குடியை விடணும்னு ஒருத்தன் வந்தா மட்டும் காரணம் கேப்பானுங்க.”

சிரித்து முடித்த பிறகும் அவர் கை புத்தகத்தை விடவில்லை. முத்திரை கொஞ்சம் பலமாகத்தான் இழுக்கவேண்டியிருந்தது.

அடுக்குமாடி ஒன்றில் மூன்றாவது மாடிப் பெண், கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள். உள்ளே ஆண் குரல் ஒன்று யாரது என்று கேட்டது. “துணி தேய்க்கிறவர்” என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டில் சுற்றிய புத்தகத்தை இடுக்கு வழியே கொடுத்தாள்.

“நீங்க பார்த்தீங்களா, என்ன புக்குன்னு?” என்றாள் தணிந்த குரலில்.

“நான் தேதி மட்டும்தாம்மா பார்ப்பேன்.”

கதவு மூடியது. முத்திரை படியிறங்கும்போது அந்தத் துண்டைப் பிரிக்கவில்லை. ஆனால் இவளால் கவுண்டருக்கு வந்து காரணம் எழுத முடியாது என்பது பிரிக்காமலே தெரிந்தது. சட்டம் யாருக்கும் எதையும் இல்லை என்று சொல்லவில்லை. கேட்டால் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. வாய்விட்டுக் கேட்கமுடிந்தவர்களுக்கு இந்தப் புத்தகங்களே தேவைப்படாது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் அவர் குப்புறப் போட்டுக் கொடுத்ததெல்லாம் இதற்குத்தான் போலிருக்கிறது. அதை ஏதோ மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அதே புத்தகங்களை அவரே வீடு தேடிப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். பை நிறைய நிறைய அவருக்குத் தோள் மட்டும் வலிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் பீரோ நிரம்பிவிட்டது. நூலகர் கணினியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர், கடைசியில் நின்றார். திரையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

“ஒண்ணு பாக்கி சார். உங்க பட்டியல்ல நான் எழுதல. இதை நானே போய் வாங்கிட்டு வந்துடறேனே.”

“நீங்க எதுக்கு மேடம்? என் தப்பு, என் காலு. யார் வீடு?”

“வேணாம் சார்.”

“அட, சொல்லுங்க மேடம். கடிக்கிற நாய் இருக்கிற வீடா?”

நூலகர் திரையை அவர் பக்கம் திருப்பினார். தங்கையின் அட்டை. புத்தகம், ஒல்லியான படப்புத்தகம் ஒன்று. அதன் பொருள் திரையில் இரண்டே வரியில் இருந்தது: வீட்டில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால் அதைக் குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது.

சனிக்கிழமை அவள் வந்தது அவருக்கு நினைவிருந்தது. வழக்கம்போல் குப்புறப் போட்டுக் குத்திவிட்டு, “என்ன, சமையல் புக்கா? மருமகளுக்காவது இனி நல்ல சோறு கிடைக்குமா?” என்று கேட்டார். “ஆமாண்ணா” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

“ஆய்வுக்கு வர்றவங்க நாளைக்குக் காலையில வந்துருவாங்க” என்றார் நூலகர், மன்னிப்புக் கேட்பது போல. “பரவாயில்ல, தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக்கலாமான்னு பார்த்தேன். தொலைஞ்சாலும் என் பொறுப்புதானாம்.”

“வாங்கிட்டு வந்துடறேன் மேடம்.”

வழி முழுக்க முத்திரை காரணங்களைத் தயார் செய்தார். தங்கைக்கு நகல் எடுக்கும் கடை. யாராவது வாடிக்கையாளருக்காக எடுத்திருக்கலாம். மருமகள் பள்ளிக்கூடத்து டீச்சர் கேட்டிருக்கலாம். படம் நன்றாக இருக்கிறதே என்று எடுத்திருக்கலாம். சிக்னலில் நிற்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்; எதுவும் அடுத்த சிக்னல் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

கடையில் ஒரு பெரியவர் அடையாள அட்டையை முன்னும் பின்னும் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். “முகம் கறுப்பா வருதும்மா” என்றார். “நேர்லயும் அப்படித்தான் சார் இருக்கீங்க” என்றாள் தங்கை. பெரியவர் சிரித்துக்கொண்டே காசு வைத்துவிட்டுப் போனார். அந்தக் குடும்பத்துக்கே உள்ள வாய் அது.

“வாண்ணா. என்ன வேலை நேரத்துல? லைப்ரரியைப் பூட்டிட்டாங்களா?”

“முழுசா இல்ல. பாதியைத்தான்” என்றார் முத்திரை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சமையல் புக்கு எப்படி இருந்துச்சு?”

தங்கை இயந்திரத்தின் மூடியை மெதுவாக இறக்கி வைத்தாள்.

“தெரிஞ்சுதானே வந்திருக்க.”

“எனக்கென்ன தெரியும்? நான் குப்புறப் போட்டுக் குத்துற ஆளு.”

“அண்ணா.”

அந்த ஒரு சொல்லில் அவர் கைவசம் இருந்த கேலியெல்லாம் தீர்ந்துபோயிற்று. சட்டத்தைச் சொன்னார், அலமாரியைச் சொன்னார், நூலகரின் வேலையைச் சொன்னார். சுருக்கமாகவே சொன்னார், அது அவருக்கே புதிதாக இருந்தது.

தங்கை குனிந்து வெள்ளைத்தாள் கட்டுகளுக்கு அடியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள். நடுவில் ஒரு பக்கத்தில் வீணான நகல் தாளைக் கிழித்து அடையாளம் வைத்திருந்தாள்.

“ஒரு வருஷமா இது உங்க லைப்ரரியில இருக்குன்னு எனக்குத் தெரியும்ண்ணா. அந்த மூலை அலமாரி உன் கவுண்டர்ல இருந்து பார்த்தா நேரா தெரியும். ரெண்டு தடவை பக்கத்துல வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். அன்னிக்கு வாசல்ல இருந்துச்சு. எல்லாரும் எதை எதையோ அள்ளிட்டு இருந்தாங்க. நானும் ஒண்ணு எடுத்தேன். யார் கவனிக்கப் போறாங்க?”

முத்திரை வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான காரியம் ஒரு தவறு என்று தோன்றியது. அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. சொல்லவே இல்லை.

“பாப்பாகிட்ட என்ன சொல்லியிருக்க?”

“தூக்கத்துல போயிட்டார்னு. இப்போ அவ தூங்கமாட்டேங்கிறா. என்னையும் விடமாட்டேங்கிறா. நான் கண்ணை மூடினாப் போதும், தட்டித் தட்டி எழுப்புறா.” அவள் புத்தகத்தின் முனையைத் தடவிக்கொண்டே பேசினாள். “ஸ்கூல்ல ஒரு பிள்ளை வேற மாதிரி சொல்லியிருக்கு. வந்து கேட்டா. ஹார்ட்டுன்னு சொல்லிட்டேன். ‘முன்னாடி தூக்கம்னியேம்மா’ன்னா. என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அப்பா மேல அவளுக்குக் கோவம் இல்ல. என்னை நம்பமாட்டேங்கிறா.”

“புக்குல என்ன போட்டிருக்கு?”

“நேரா சொல்லுன்னு போட்டிருக்கு. சின்னச் சின்ன வாக்கியமா, சுத்தி வளைக்காம. ஆனா அதுக்கு முன்னாடி, நம்புற பெரியவங்க ஒருத்தர்கிட்ட அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருன்னு போட்டிருக்கு. நான் அந்தப் பக்கத்துலயே நிக்கிறேன்.” சிரிக்க முயன்றாள். “அம்மாகிட்டப் போனேன். ஆரம்பிக்கிறதுக்குள்ள காதைப் பொத்திக்கிட்டாங்க. அண்ணிகிட்டப் போனேன். பாவம், அழ ஆரம்பிச்சுட்டாங்க, நான்தான் சமாதானப்படுத்திட்டு வந்தேன்.”

“என்கிட்ட ஏன் வரல?”

“நீ ஏதாவது ஜோக் சொல்லிடுவே.”

உண்மை. முத்திரை தலையை ஆட்டினார்.

“ஊருக்கே சொல்லிடுவேன்னும் பயந்திருப்பே.”

“மத்தவங்க பயந்தாங்க. நான் பயப்படல” என்றாள் தங்கை. “இத்தனை வருஷத்துல யாரு எந்தப் புக்கு எடுத்தான்னு நீ ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. வீட்டுலகூட.”

“அது வேலைம்மா.”

“இதையும் வேலைன்னு நினைச்சுக்கோ.”

தெருவில் பள்ளிக்கூட வண்டி ஒன்று போயிற்று. தங்கை எட்டிப் பார்த்தாள்; அது அவள் மகள் வரும் வண்டி இல்லை. மின்விசிறிக் காற்றில் மேஜை மேலிருந்த தாள்கள் படபடத்தன. அவள் அவற்றின் மேல் கத்தரிக்கோலை எடுத்து வைத்தாள்.

“புக்கை நீ எடுத்துட்டுப் போகவேணாம். இன்னிக்கு அவ வந்ததும் சொல்லிடறேன். சொல்லிட்டு, லைப்ரரி மூடுறதுக்குள்ள நானே கொண்டுவந்து மேடம் கையில கொடுக்கிறேன். அவங்க வேலைக்கு எதுவும் வராது.” புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நாளைக்கு அப்புறம் என்னால இதைக் கேட்டு வாங்கமுடியாது. எதுக்குன்னு எழுதணும்னு சொல்றே. ஒரு வருஷமா என் வாயிலயே வராததை நான் எப்படிண்ணா பேப்பர்ல எழுதுவேன்?”

முத்திரைக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. நூலகம் காத்திருக்கிறது, நூலகர் காத்திருக்கிறார், எழுந்து போக நூறு காரணம் இருந்தது. அவர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். கடைக்குள் எட்டிப் பார்த்த ஒருவரிடம், “மிஷின் ரிப்பேர் தம்பி, அப்புறம் வாங்க” என்றார்.

“சரி. சொல்லு” என்றார்.

“சும்மா சொல்ல வராதுண்ணா. நீ கேளு. சுத்தி வளைக்காம கேளு.”

அவர் கேட்பதற்கு வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் எப்போதும் வருகிற ‘என்னதான் ஆச்சு’ என்பது நாக்கின் நுனி வரை வந்தது. அதை விழுங்கினார். தங்கையின் முகத்தை, மேஜையையோ இயந்திரத்தையோ பார்க்காமல், முகத்தையே பார்த்தார்.

“மாப்பிள்ளை எப்படி இறந்தார்?”

அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

“தற்கொலை பண்ணிக்கிட்டார்ண்ணா. அவர் மனசுக்கு ரொம்ப நாளா உடம்பு சரியில்ல. அதுக்கு உதவி கேக்க அவருக்குத் தெரியல, எங்களுக்கும் புரியல. பாப்பா எதுவும் பண்ணல. நானும் எதுவும் பண்ணல.”